இளைப்பாறும் உரிமை

தமிழில் ‘இளைப்பாறுதல்’ என்றோர் அழகிய சொல் உண்டு. இளைப்பு என்பது களைப்பு. ஆறுதல் என்பது தணிதல். உழைத்துச் சோர்ந்த உடல் நிழலிலே அமர்ந்து தன் வெப்பம் தணியப் பெறுவதையே இச்சொல் குறித்தது. ஈழத்து வழக்கில் உத்தியோகத்திலிருந்து விலகுவோரையும் ‘இளைப்பாறினார்’ என்றே சொல்லி வந்தோம். ஆயின், இளைப்பாறியவருக்கு மாதந்தோறும் கிடைக்கும் பணத்துக்கு நாம் வைத்த பெயர் ‘உபகாரச் சம்பளம்’. விலகும் வேளையில் மொத்தமாகக் கிடைப்பதற்குப் பெயர் ‘பணிக்கொடை’. உபகாரம், கொடை ஆகிய இரண்டும் கொடுப்பவனின் பெருந்தன்மையைப் பேசுகின்றன. வாங்குபவன் சிந்திய வியர்வைக்கு இச்சொற்களில் இடமில்லை. பின்னர் வந்த ‘ஓய்வூதியம்’ என்னும் சொல்லே சற்று நேர்மையானது. ஊதியம் என்றால் ஆதாயம், உழைப்பின் பயன். ஓய்வுக் காலத்திலே வந்து சேரும் உழைப்பின் பயனென்று அச்சொல் உரிமையை ஒப்புக்கொள்கிறது.

தமிழ் கற்பிக்கும் நமக்குச் சொல்லாராய்ச்சி தொழிற்பழக்கமாகிவிட்டது. ஆனால் இன்று இச்சொற்களை எடுத்துக்கொண்டது வகுப்பறைத் தேவைக்காக அன்று. பொலிஸ் சேவையில் உள்ளோர் தாம் விரும்பினால் வயது முதிருமுன்னரே இளைப்பாறலாமா, அவ்வாறு இளைப்பாறுவோர்க்கு முழு ஓய்வூதியம் உரியதாகுமா என்ற கேள்வி நம் வாசலுக்கே வந்துவிட்டது. முற்போக்குச் சிந்தனையுடையோர் பொலிஸ்காரனைப் பற்றி எழுதினால் பெரும்பாலும் அவன் கையிலுள்ள குண்டாந்தடியைப் பற்றியே எழுதுவர். அதற்குக் காரணங்கள் இல்லாமலில்லை. எனினும் அத்தடியைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்றும் ஒருமுறை கேட்டாக வேண்டும்.

நற்பிட்டிமுனை கல்முனைப் பட்டினத்தை ஒட்டி மேற்கே, வயல்வெளிகளை நோக்கி அமைந்த ஊர். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த வேலிகளுக்குள் வாழ்கின்றனர். வேளாண்மை பொய்த்த வருடத்தில் இளைஞன் ஒருவனுக்கு இங்கே திறந்திருக்கும் கதவுகள் சிலவே: வெளிநாடு, கடை, ஆசிரியத் தொழில், அதற்குமப்பால் காக்கிச் சட்டை. விவசாயியின் மகனும் நெசவாளியின் மகனுமே கொன்ஸ்தாபிளாகப் போகின்றனர். காணிச் சொந்தக்காரர்களின் மக்கள் அவ்வழி செல்வது அரிது.

நமக்கு வேறொரு வேலையும் உண்டு. பத்திரம் எழுதிக் கொடுப்பது, மனு எழுதிக் கொடுப்பது, வந்த கடிதத்தை வாசித்துச் சொல்வது ஆகியன தமிழாசிரியருக்கு ஊர் இட்ட கடமைகள். அப்படித்தான் அண்மையில் பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் மாலையிலே கடிதக் கட்டொன்றுடன் வந்து அமர்ந்தார். நமக்கு மூத்தவர்; ‘காக்கா’ என்று அழைத்தே பழக்கம். 1990ஆம் ஆண்டின் கொடுமைக்குப் பின், கிழக்கிலே பொலிஸ் நிலையங்கள் மீண்டும் ஆள் தேடிய காலத்திலே சேவையிற் சேர்ந்தவர். வாழ்நாளின் பெரும்பகுதியை அநுராதபுரத்திலும் மொனராகலையிலும் விடுதிக் கட்டிலொன்றிலே கழித்தவர். சிங்களத்தைப் புத்தகத்திலன்றிப் பாசறையிலே கற்றவர். ஐம்பத்தைந்து வயது நிறைந்துவிட்டது.

“சேர், இப்பயே எறங்கட்டா, இல்ல அறுவது வரைக்கும் இழுக்கட்டா? எனக்கு ஒண்ணுமே வெளங்குதில்ல” என்றார்.

அரசாங்க சேவையின் பொதுவிதி எளியது. 55 வயதில் ஒருவர் விரும்பினால் இளைப்பாறலாம். 60இல் இளைப்பாறியே ஆகவேண்டும். இந்த எளிய விதியும் அண்மைக் காலத்தில் ஊஞ்சலாடியது. 2021 நவம்பரிலே சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் கட்டாய ஓய்வு வயதை 65 ஆக உயர்த்தியது. நாடு கடனில் மூழ்கிய 2022ஆம் ஆண்டிலே, ஆகஸ்ட் மாத இடைக்கால வரவு செலவுத் திட்டம் அதனை மீண்டும் 60க்கு இறக்கியது. அறுபதைக் கடந்தோர் அவ்வாண்டின் இறுதி நாளுடன் வீடு செல்ல வேண்டியவராயினர். மனிதனின் முதுமை கருவூலத்தின் நிலைக்கேற்ப நீளவும் சுருங்கவும் கூடியது என்பதை அவ்விரு ஆண்டுகளும் காட்டின.

இராணுவச் சிப்பாயின் கணக்கு வேறு. அவனுக்கு வயதை விட ஆண்டுக் கணக்கே முக்கியம்; 22 ஆண்டுச் சேவை முடிந்தால் ஓய்வூதியத்துடன் விலகலாம். 2022 நவம்பரிலே வரவு செலவுத் திட்ட உரையில், முப்படையினர் 18 ஆண்டுச் சேவையுடனே விரும்பி விலக இடமளிக்கும் யோசனை முன்வைக்கப்பட்டது. படையினரின் தொகையைக் குறைப்பதே அதன் நோக்கம். தமிழ்நாட்டிலே அரசு ஊழியர் எவரும், பொலிஸார் உட்பட, 20 ஆண்டுச் சேவை முடித்தாலோ 50 வயது நிறைந்தாலோ மூன்று மாத முன்னறிவித்தலுடன் விருப்ப ஓய்வு பெற அடிப்படை விதிகள் இடமளிக்கின்றன.

பொலிஸ்காரனுக்கு மட்டும் ஏன் முன்கூட்டிய ஓய்வு என்று கேட்போர் உளர். ஆசிரியன் களைப்பதில்லையா? தாதி களைப்பதில்லையா? கேள்வி நியாயமானதே. அதற்கு விடை நம் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டமே இந்நாட்டுப் பொலிஸ் சேவைக்கு இன்றும் அடித்தளம். பொலிஸ் உத்தியோகத்தர் ஒவ்வொருவரும் எப்பொழுதும் கடமையிலிருப்பவராகவே கருதப்பட வேண்டும் என்று அச்சட்டம் விதிக்கிறது. பாடசாலை மணி அடித்ததும் நாம் ஆசிரியர் என்ற நிலையிலிருந்து ஒருவாறு விடுபடுகிறோம். கொன்ஸ்தாபிளுக்குச் சட்டப்படி அத்தகைய மணி இல்லை. பெருநாளன்று ஊரார் தொழுகை முடித்து வீடு திரும்புகையில் அவன் சந்தியிலே நிற்கிறான். பொங்கலன்றும் வெசாக்கன்றும் தேர்தலன்றும் அவன் சந்தியிலேயே நிற்கிறான்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. நாம் கூலிக்காகக் குரல் கொடுக்கலாம், சங்கம் அமைக்கலாம், வேலைநிறுத்தம் செய்யலாம். பொலிஸ்காரன் தொழிற்சங்கத்தில் சேர இந்நாட்டுச் சட்டம் இடமளிப்பதில்லை. பிறர் வேலைநிறுத்தம் செய்தால் அவர்களைக் கலைக்க அனுப்பப்படுபவன் அவன். தன் குறையைச் சொல்ல அவனுக்குக் கூட்டுக் குரல் கிடையாது.

இக்குரலின்மை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்திலே கொன்ஸ்தாபிளின் ஓய்வூதியம் நெடுங்காலம் மேலதிகாரிகளின் தயவிலேயே தங்கியிருந்தது. 1890ஆம் ஆண்டுச் சட்டமே 25 ஆண்டுச் சேவைக்குப் பின் ஓய்வூதியத்தை அவனுடைய உரிமையாக்கியது. உபகாரம் ஊதியமாக மாறிய நாள் அது எனலாம். ஆனால் 1918இலும் 1919இலும் அந்நாட்டுப் பொலிஸார் சங்க உரிமை கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது என்ன நிகழ்ந்தது? 1919இல் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டோர் யாவரும் நீக்கப்பட்டனர். அவர்கள் உழைத்துச் சேர்த்த ஓய்வூதியமும் அத்துடன் போயிற்று. சம்பளத்தை உயர்த்திய அரசு சங்கத்தை நசுக்கியது. ஓய்வூதியம் கையிலே இருக்கும் வரை பாதுகாப்பு. எஜமானின் கையிலே இருக்கும் வரை அதுவே விலங்கு.

இதற்கு நேரெதிரான காட்சியை அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே காண்கிறோம். அங்கே கவுண்டி எனப்படும் உள்ளூராட்சிப் பிரிவுகள் தத்தமக்கெனச் சட்ட அமுலாக்க உத்தியோகத்தரை வைத்துள்ளன. அவர்களுக்குச் சங்கங்களும் உண்டு. 1999இலே நிறைவேறிய சட்டமொன்றின் வழி, ‘ஐம்பதில் மூன்று வீதம்’ என்ற திட்டத்தை உள்ளூர் ஆட்சிகள் விரும்பினால் ஏற்கலாம் என்றாயிற்று. ஐம்பது வயதிலே இளைப்பாறுவோர்க்குச் சேவையின் ஒவ்வோர் ஆண்டுக்கும் இறுதிச் சம்பளத்தின் மூன்று வீதம். இருபது வயதிற் சேர்ந்து முப்பதாண்டு உழைத்தவன் ஐம்பதிலே தன் சம்பளத்தின் தொண்ணூறு வீதத்துடன் வீடு போகலாம். பங்குச் சந்தை கொழித்திருந்த நாட்களில் கவுண்டிகள் ஒன்றையொன்று பார்த்து இத்திட்டத்தை ஏற்றன. சந்தை சரிந்ததும் சுமை அழுத்தத் தொடங்கியது. ஒரேஞ்ச் கவுண்டி தான் கொடுத்த வாக்கைத் தானே செல்லாததாக்க வழக்காடி 2011இலே தோற்றது. ஈற்றில் 2013 ஜனவரி முதல் புதிதாகச் சேர்வோர்க்கு வீதமும் குறைந்தது. உச்ச வீதம் பெறும் வயதும் 57 ஆக உயர்ந்தது.

இதைக் காட்டி, ‘பார்த்தீர்களா, பொலிஸாரின் பேராசை’ என்போர் உண்டு. நம் முடிவு வேறு. களைத்த உழைப்பாளி ஓய்வு கேட்டதிலே குற்றமில்லை. நல்ல காலத்திலே வாக்களித்துவிட்டு அதற்குரிய பணத்தைச் சேமித்து வையாத ஆட்சியிலேயே குற்றம். நம் நாட்டுக்கு இது மும்மடங்கு பொருந்தும். இங்கே அரசாங்க ஓய்வூதியத்துக்கென ஒதுக்கி வைத்த நிதியம் இல்லை; ஆண்டுதோறும் வரும் வரியிலிருந்தே அது வழங்கப்படுகிறது. அவ்வரியிலே, சீனி வாங்கும் நற்பிட்டிமுனை விவசாயியின் பங்கும் உண்டு. 1987இலே சட்டமாக்கப்பட்ட விவசாயிகள் ஓய்வூதியத் திட்டமோ நிதி வற்றி இடையிலே நின்று, பின்னரே மீண்டும் தொடங்கியது. வயலிலே முதுகு வளைந்தவனின் ஓய்வு கேள்விக்குறியாயிருக்க, உத்தியோகத்தனின் ஓய்வு மட்டும் உறுதியாயிருப்பது நீதியாகாது. ஆயினும் இல்லாதவனுக்கு இல்லை என்பதற்காக இருப்பவனிடமிருந்தும் பறிப்பது சமத்துவமாகாது. கொன்ஸ்தாபிளின் உரிமையை முன்னுதாரணமாகக் கொண்டு விவசாயியின் உரிமையைக் கேட்பதே நம் வழி.

சார்ஜன்ட் காக்காவின் கணக்குக்கு வருவோம். அவருடைய கடிதக் கட்டிலிருந்து சம்பளச் சீட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தோம். ஓய்வூதியம் அடிப்படைச் சம்பளத்தின் மீதே கணக்கிடப்படும். மாதச் சம்பளத்தைப் பருமனாகக் காட்டும் படிகள் அதிலே சேரா. பணிக்கொடையும் கொடையன்று, அதற்கீடாகப் பத்தாண்டுகள் ஓய்வூதியம் குறைந்தே வரும். 2022இன் நெருக்கடியின்போது பணிக்கொடை பெற இளைப்பாறியோர் மாதக்கணக்கில் காத்திருந்ததையும் அவர் அறிவார். மூத்த மகள் பல்கலைக்கழகத்தில். இளையவனுக்கு இன்னும் உயர்தரப் பரீட்சை முடியவில்லை. முழங்கால்கள் இரண்டும் போய்விட்டன. ‘விருப்ப ஓய்வு’ என்று சுற்றுநிருபம் கூறுகிறது. முழங்கால் ஒரு பக்கம் இழுக்க, மகளின் படிப்பு மறுபக்கம் இழுக்க, இடையிலே நிற்கும் மனிதனுக்கு விருப்பம் என்பது எங்கே இருக்கிறது?

விருப்பம் என்ற சொல்லை அரசாங்கங்கள் எவ்வாறு பயன்படுத்தின என்பதற்கு நம் வரலாறே சாட்சி. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய பின், சேவையிலிருந்த தமிழ் பேசும் உத்தியோகத்தர் முன்னே இரண்டு வழிகள் வைக்கப்பட்டன. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையிலே சித்தியடைதல் ஒன்று. அதற்கு மனமில்லாதோர் ஓய்வு பெற்றுச் செல்லுதல் மற்றொன்று. எத்தனையோ பேர் நடுவயதிலேயே வீடு திரும்பினர். எவரையும் கழுத்தைப் பிடித்து வெளியேற்றவில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே இருக்க முடியாதவாறு செய்துவிட்டனர். கதவு வழியே போனவர் ‘விரும்பிப்’ போனவராகவே பதிவேட்டில் இடம்பெற்றார்.

போக மறுத்து நின்றவரும் உண்டு. கோடீஸ்வரன் என்னும் அரசாங்க எழுதுவினைஞர் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். 1962இலே அவருடைய சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 1964இலே கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. 1967இலே உயர் நீதிமன்றம், அரச ஊழியன் தன் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்காட முடியாதென அத்தீர்ப்பை மாற்றியது. 1969 டிசம்பரிலே இலண்டன் கோமறைக் கழகம் வழக்காட முடியுமென்று கூறி வழக்கைத் திருப்பி அனுப்பியது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற மூலக் கேள்விக்கோ இறுதிவரை விடை கிடைக்கவில்லை. எனினும் அரச ஊழியனின் சம்பளம் எஜமானின் தயவன்று, அவன் கேட்டுப் பெறக்கூடிய கடன் என்ற நியாயத்தை அவ்வழக்கு நிலைநாட்டியது. அதை நாம் நன்றியுடன் நினைவிற்கொள்ள வேண்டும்.

இளைப்பாறும் வயதைக் காணாமலே போனோரையும் இவ்விடத்திலே நினைக்காமல் இருக்க முடியாது. 1990 ஜூன் 11ஆம் நாளும் அதை அடுத்தும், கல்முனை உட்படக் கிழக்கு மாகாணப் பொலிஸ் நிலையங்களிலே சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். அவர்களுள் சிங்களவரும் இருந்தனர்; முஸ்லிம்களும் இருந்தனர். அதையடுத்த நாட்களிலே கல்முனைப் பகுதித் தமிழ்ப் பொதுமக்கள் பலர் படையினரால் கொல்லப்பட்டனர். ஒரே மண்ணிலே இரு துயர்களும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்போர் இரண்டையும் அவமதிக்கின்றனர். இந்நினைவுகளின் பின்னும் இவ்வூர் இளைஞர் காக்கி அணியச் சென்றனர் என்றால், வறுமைக்கு அச்சத்தை விட வலிமை அதிகம் என்பதே பொருள்.

கணக்கெல்லாம் முடிந்த பின்னர்ச் சார்ஜன்ட் காக்கா சொன்ன ஒரு வார்த்தைதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

“காசு போகட்டும் சேர். நான் எறங்கினா, அழுதுக்கிட்டு வாற பொம்புளைக்கு அங்க ஆரு தமிழ்ல எழுதுற?”

அவர் கடமையாற்றும் நிலையத்திலே தமிழில் முறைப்பாடு எழுதக்கூடியவர்கள் மிகச் சிலர். இரவுக் கடமையில் பெரும்பாலும் அவர் ஒருவரே. அவர் இல்லாத வேளையில், கணவனிடம் அடிபட்டு வந்த பெண் தமிழில் அழுவாள். அது சிங்களத்தில் எழுதப்படும். தனக்கு வாசிக்கத் தெரியாத தாளிலே அவள் கையெழுத்திடுவாள். வழக்கு நீதிமன்றம் செல்லும்போது தான் சொன்னது அதுதானா என்று அவளுக்கே தெரியாது.

1987இலே பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியென்று கூறியது. 2007 ஜூலை முதல் அரச சேவையிற் சேர்வோர் மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என்று சுற்றுநிருபம் பிறந்தது. 2011இலே கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, பொலிஸ் நிலையங்களிலே தமிழ் பேசும் உத்தியோகத்தர் இருக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. சட்டம் உண்டு, சுற்றுநிருபம் உண்டு, பரிந்துரையும் உண்டு. ஆனால் அப்பெண்ணுக்கு நடைமுறையிலே உள்ள மொழியுரிமை, முழங்கால் போன ஒரு சார்ஜன்ட் இன்று கடமைக்கு வந்தாரா இல்லையா என்பதிலேதான் தங்கியிருக்கிறது. ஓர் அரசின் கடமையை ஒரு மனிதனின் மனச்சாட்சியின் மேல் ஏற்றி வைப்பது எத்துணை இரக்கமற்ற செயல்! அவர் இளைப்பாறினால் அவள் நாதியற்றவள். அவள் நாதியற்றவளாகக் கூடாதென்றால் அவருக்கு இளைப்பாற்றம் இல்லை. இரண்டு ஏழைகளை எதிரெதிரே நிறுத்திவிட்டு அரசாங்கம் ஒதுங்கிக்கொள்கிறது.

ஆகவே நாம் கேட்பது யாது? பொலிஸ் சேவையிலே நெடுங்காலம் உழைத்தவர், வயது எதுவாயினும், குறையாத ஓய்வூதியத்துடன் விலக உரிமை வேண்டும். அவ்வுரிமை உண்மையான விருப்பமாயிருக்க வேண்டுமாயின், பணிக்கொடை விலகும் நாளிலேயே கைக்கு வரவேண்டும். பல ஆண்டு பெற்ற படிகளும் கணக்கிலே சேரவேண்டும். விலக விரும்பாதோர்க்கு இரவுக் கடமையும் சந்திக் கடமையும் நீங்கிய இலகு பணிகள் வேண்டும். சார்ஜன்ட் காக்கா போன்றோர் இளம் கொன்ஸ்தாபிள்களுக்கு மொழி கற்பிப்பவராயிருந்தால் யாருக்கு நட்டம்? எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் இளைப்பாறுமுன் அவருடைய நாற்காலிக்குத் தமிழ் எழுதத் தெரிந்த இன்னொருவர் வந்து சேரவேண்டும். இவற்றைக் கேட்கப் பொலிஸ்காரனுக்குச் சங்கமில்லை. சங்கமுள்ள நாம் அவனுக்காகவும் கேட்கவேண்டும். ஆசிரியர் சங்கக் கூட்டங்களிலே இதனை ஒரு தீர்மானமாக வைப்பதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை.

அவனுடைய தடி நம் மீது விழுந்த நாட்களை நாம் மறக்கவேண்டியதில்லை. உரிமை என்றால் என்னவென்று தன் வாழ்விலே அறிந்தவனே பிறர் உரிமையையும் மதிக்கப் பழகுவான். உபகாரத்திலே வாழ்பவன் உபகாரம் செய்பவனுக்கே அஞ்சுவான். தன் ஊதியத்திலே வாழ்பவன் மக்களுக்குக் கடமைப்பட்டவனாவான். அத்தகைய பொலிஸ்காரன் நம் ஊருக்கு வேண்டுமாயின், அவனுக்கும் இளைப்பு உண்டென்பதையும், அது ஆறவேண்டும் என்பதையும் முதலில் நாம் ஒப்புக்கொள்வோமாக.